தி டா வின்சி கோட்: கதை எது, கணக்கு எது?



சங்க மலரில் சங்க இலக்கியம், சமண இலக்கியம் என்று எழுதுபவன் இந்த முறை ஓர் ஆங்கில நாவலைக் கையில் எடுத்திருக்கிறேனே என்று சிலர் புருவம் உயர்த்தலாம். காரணம் இருக்கிறது. டான் பிரவுன் எழுதிய ‘தி டா வின்சி கோட்’ 2003-இல் வெளிவந்தது. எட்டுக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2006-இல் திரைப்படமாகவும் வந்தது. இருபது வருடம் தாண்டியும் நடைபாதைப் புத்தகக் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. வெளிமாநிலத்தில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளில் பலர் கிறிஸ்தவ சமயத்தின் ஆதி வரலாறு என்று முதன்முதலில் படித்ததே இதைத்தான். சிலருக்குக் கடைசியாகப் படித்ததும் இதுவே. “ஏசுநாதரைக் கடவுள்னு ஓட்டுப் போட்டுத்தானே முடிவு பண்ணாங்க?” என்று நம் சங்கத்துப் பிள்ளைகளே அடித்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த ‘ஓட்டு’ நடந்ததாகச் சொல்லப்படும் நிசேயா பொதுச்சங்கம் கூடி 2025-இல் 1700 ஆண்டுகள் நிறைந்தன. எனவே கணக்குப் பார்க்க இது நல்ல சமயம்.

அடியேன் கிறிஸ்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம். மும்பையில் பாத்திர வியாபாரம். கல்லூரி வாசல் மிதித்ததில்லை. ஆனால் நாற்பது வருடம் சிட்டையும் பேரேடும் எழுதிய கை. ஒரு வரவு பேரேட்டில் ஏறவேண்டும் என்றால் நாங்கள் மூன்று கேள்வி கேட்போம். எழுதியது யார்? எப்போது எழுதினார், அன்றைக்கேவா, ஆறு மாதம் கழித்தா? அதற்கு ரசீது எங்கே? இந்த மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு நாவலுக்குள் போவோம்.

முதல் பக்கத்தில் ஒரு சத்தியம்

கதை எழுதுகிறவருக்குக் கற்பனை செய்ய முழு உரிமை உண்டு. ‘பொன்னியின் செல்வ’னில் நந்தினியைப் படைத்த கல்கியை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை. டான் பிரவுன் விஷயத்தில் சிக்கல் எங்கே என்றால், கதை தொடங்குவதற்கு முன்பே ‘உண்மை’ என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் வைத்திருக்கிறார். சீயோன் மடம் என்ற இரகசிய சபை 1099-இல் தொடங்கிய உண்மையான அமைப்பு என்கிறார். பாரிஸ் தேசிய நூலகத்தில் 1975-இல் அதன் ஆவணங்கள் கண்டுபிடிக்கப்பட்டன, நியூட்டன், விக்டர் ஹியூகோ, லியோனார்டோ எல்லாம் அதன் உறுப்பினர்கள் என்கிறார். நாவலில் வரும் ஓவியங்கள், கட்டடங்கள், ஆவணங்கள், இரகசியச் சடங்குகள் பற்றிய வர்ணனை அத்தனையும் துல்லியம் என்றும் உறுதி சொல்கிறார். பொம்மைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் காட்டுவது மாதிரி இது. பார்ப்பவன் நிஜம் என்றுதான் நம்புவான்.

அந்த மடத்தின் ரசீதைப் பார்ப்போம். அது பதிவானது 1099-இல் அல்ல, 1956-இல். பிரான்சில் ஸ்விட்சர்லாந்து எல்லையை ஒட்டிய அன்மாஸ் என்ற ஊரில் பியேர் பிளான்டார் என்பவர் தொடங்கிய சிறு சங்கம் அது. ‘சீயோன்’ என்ற பெயர்கூட எருசலேம் மலையிலிருந்து வரவில்லை. அந்த ஊருக்கு அருகே அதே பெயரில் ஒரு குன்று இருக்கிறது. (மும்பை அன்பர்களுக்கு: நாம் ஏறி இறங்கும் சயான் ஸ்டேஷனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதன் மராத்திப் பெயர் ‘ஷீவ்’, எல்லை என்று பொருள்.) நூலகத்தில் ‘கண்டெடுக்கப்பட்ட’ ஆவணங்கள் 1960-களில் பிளான்டார் கூட்டத்தாரே தயாரித்துக் கொண்டுபோய்ச் சேர்த்த தட்டச்சுத் தாள்கள். தான் பழைய பிரெஞ்சு அரச வம்சத்து வாரிசு என்று காட்டிக்கொள்ள அவர் செய்த ஏற்பாடு. ஒரு நூலகத்தில் ஒரு தாள் இருக்கிறது என்பது அந்தத் தாள் பழையது என்பதற்குச் சாட்சி ஆகாது.

இந்தச் சரக்கை 1982-இல் பெய்ஜன்ட், லீ, லிங்கன் என்ற மூவர் ஆராய்ச்சி என்ற பெயரில் ஒரு பெரிய புத்தகமாக எழுதினார்கள். ஏசுநாதருக்கும் மகதலேனா மரியாளுக்கும் வாரிசு உண்டு என்ற ஊகம் அதிலிருந்துதான் நாவலுக்கு வந்தது. நாவலில் வரும் பண்டிதர் லீ டீபிங் பெயரிலேயே அது ஒளிந்திருக்கிறது. ‘லீ’ ஒருவர் பெயர். ‘டீபிங்’ என்பது பெய்ஜன்ட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கியது. பெய்ஜன்டும் லீயும் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 2006-இல் தோற்றார்கள். ஆக, நாவலின் கணக்கு எந்தப் பழைய ஏட்டிலிருந்தும் எழுதியதில்லை. ஜெராக்ஸுக்கு எடுத்த ஜெராக்ஸ்.

நிசேயாவில் நடந்தது என்ன?

நாவலின் உயிர்நாடி இந்த இடம்தான். கி.பி. 325 வரை ஏசுவை அவருடைய சீடர்களே ஒரு மனிதத் தீர்க்கதரிசியாகத்தான் கருதினார்கள், ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டி ஓட்டெடுத்து அவரைக் கடவுளாக்கினார், ஓட்டு வித்தியாசமும் மிகக் குறைவு என்று டீபிங் சொல்கிறார்.

நிசேயா இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்ற ஊர். அங்கே சங்கம் கூடியது உண்மை, கூட்டியவர் கான்ஸ்டன்டைன் என்பதும் உண்மை. கூடியவர்கள் பழைய குறிப்புகளின்படி 250 முதல் 318 ஆயர்கள். ஆனால் அவர்கள் முன் இருந்த கேள்வி ‘ஏசு மனிதரா, கடவுளா’ என்பது அல்ல. அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குரு ஒரு வாதத்தைக் கிளப்பியிருந்தார். (பெயரைப் பார்த்து நம்மூர் ஆரிய–திராவிடப் பேச்சோடு முடிச்சுப் போட வேண்டாம்.) ஏசு உலகத்துக்கெல்லாம் முந்தியவர், தெய்விகமானவர்தான், ஆனாலும் அவர் தந்தையால் படைக்கப்பட்டவர், தந்தைக்கு நிகர் அல்லர் என்பது அவர் கட்சி. இல்லை, தந்தையும் மகனும் ஒரே பொருள் என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சியிலுமே ஏசுவைச் சாதாரண மனிதர் என்று சொன்னவர் இல்லை. சண்டை தெய்வத்தன்மை உண்டா என்பதில் அல்ல, எந்த அளவு, எந்த வகை என்பதில். முடிவில் ஒரு விசுவாச அறிக்கை தயாராயிற்று. கடைசிவரை கையெழுத்துப் போட மறுத்து ஆரியுஸோடு நாடு கடத்தப்பட்ட ஆயர்கள் செகுந்துஸ், தெயோனாஸ் என்ற இரண்டே பேர். முந்நூறு பேருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் எதிர்ப்பு என்றால் அது நெருக்கமான ஓட்டா? நம் சங்கத் தேர்தலில்கூட அப்படி ஒரு வெற்றி வந்ததில்லை.

ராஜா முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எத்தனை பேர் மறுப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே 325-க்கு முந்தைய ரசீதுகளைத் தேடுவோம். பவுலின் கடிதங்கள் கி.பி. 50-களில் எழுதப்பட்டவை. சிலுவைக்குப் பின் இருபத்தைந்து, முப்பது ஆண்டுக்குள். பிலிப்பி ஊராருக்கு எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்திலேயே ஏசு தெய்வ நிலையிலிருந்து இறங்கி வந்தவர் என்ற கருத்து இருக்கிறது. முதல் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எழுதப்பட்ட யோவான் நற்செய்தி அதைத் தொடக்கத்திலேயே பேசுகிறது.

இவையெல்லாம் வீட்டுக்காரர் சாட்சி என்று தள்ளினால், எதிர்த்தரப்புச் சாட்சி ஒருவர் இருக்கிறார். ரோம அதிகாரி இளைய பிளினி. சுமார் 112-இல் பிதினியா மாகாண ஆளுநராக இருந்தபோது சக்கரவர்த்தி டிராஜனுக்குக் கடிதம் எழுதுகிறார். இந்தக் கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுள் போலப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று விசாரணையில் தெரிந்ததாகச் சொல்கிறார். பிளினி அவர்களைத் தண்டித்தவர். அவர்களுக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாதவர். நிசேயாவும் அதே பிதினியா மாகாணத்து ஊர்தான். சங்கம் கூடுவதற்கு இருநூறு வருடம் முன்பே, அந்த வட்டாரத்திலேயே, பேரேட்டில் ஏறிவிட்ட வரவு இது. நம்புவதும் நம்பாததும் அவரவர் சமயம். ஆனால் அந்த நம்பிக்கை 325-இல் பிறந்தது என்பது தப்புக் கணக்கு.

கான்ஸ்டன்டைன் பற்றிய மற்றக் குறிப்புகளிலும் பாதி மெய், பாதி பிசகு. மரணப் படுக்கையில்தான் 337-இல் ஞானஸ்நானம் பெற்றார், மெய். எதிர்க்கச் சக்தி இல்லாமல் கிடந்ததால் பெற்றார் என்பது நாவலின் சேர்க்கை. ஞானஸ்நானத்துக்குப் பின் பாவம் செய்யக்கூடாதே என்று கடைசிக் காலம்வரை ஒத்திப்போடுவது அன்று பலரிடம் இருந்த வழக்கம். அதைச் செய்துவைத்தவர் ஆரியுஸ் கட்சிக்கு வேண்டியவரான நிக்கொமேதியா எவுசேபியுஸ் என்பது இன்னொரு வேடிக்கை. கிறிஸ்தவத்தை அரசு சமயமாக அறிவித்தவரும் கான்ஸ்டன்டைன் அல்லர். அவர் 313-இல் செய்தது எல்லாச் சமயத்தாருக்கும் வழிபாட்டு உரிமை கொடுத்தது. அரசு சமயமாக்கிய ஆணை 380-இல் தெயோதோசியுஸ் காலத்தது.

நான்கு நற்செய்திகளைத் தேர்ந்தது யார்?

எண்பதுக்கு மேற்பட்ட நற்செய்திகள் இருந்தன, கான்ஸ்டன்டைன் நான்கை வைத்துக்கொண்டு மற்றதை எரித்தார் என்கிறது நாவல். எண்பது என்ற எண்ணுக்குச் சான்று இல்லை. நிசேயா சங்கம் இயற்றிய இருபது விதிகளில் வேதப் புத்தகப் பட்டியல் பற்றி ஒரு வரி கிடையாது. நற்செய்திகள் நான்கே என்று லியோன் நகர ஆயர் இரேனேயுஸ் வாதாடியது சுமார் 180-இல். கான்ஸ்டன்டைன் பிறப்பதற்குப் பல தலைமுறை முன்பு. இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் வரும் பழைய பட்டியல் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய கடிதத்தில் இருக்கிறது; கான்ஸ்டன்டைன் இறந்து முப்பது வருடம் கழித்து. அவருக்கு முன்னே பாதி, பின்னே பாதி. நடுவில் அவர் செய்தது, புதுத் தலைநகரின் கோவில்களுக்கு ஐம்பது வேதப் பிரதிகள் எழுதித்தரச் சொல்லி ஆர்டர் கொடுத்தது. எரிக்கச் சொன்னதும் உண்டு. ஆனால் அது ஆரியுஸின் நூல்களை. இந்தச் சிறு பொறியை ஊதித்தான் நாவல் காட்டுத் தீயாக்கியிருக்கிறது.

சமயநூல் தொகுப்பு என்பது ஒரே நாளில் ஒரு ராஜா போடும் கையெழுத்து அல்ல. எங்கள் சமயத்திலேயே பாருங்கள். மகாவீரர் காலத்துக்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகள் கழித்துத்தான் வலபி நகரில் ஆகமங்கள் ஏட்டில் எழுதித் தொகுக்கப்பட்டதாகச் சுவேதாம்பரர் சொல்கிறார்கள். அந்தத் தொகுப்பைத் திகம்பரர்களாகிய நாங்கள் ஏற்பதில்லை. மூல ஆகமங்கள் மறைந்துவிட்டன என்பது எங்கள் மரபு. இதில் சதிகாரர் யாரும் இல்லை. காலமும் பஞ்சமும் மறதியும் செய்த வேலை.

மண்ணுக்குள்ளிருந்து வந்த ஏடுகள்

எரியாமல் தப்பியதாக நாவல் காட்டும் ஏடுகள் இரண்டு தொகுதி. முதலாவது சாக்கடல் சுருள்கள். கும்ரான் குகைகளில் 1946–47 முதல் கிடைத்தவை. இவை யூத சமய நூல்கள். ஏசுவைப் பற்றியோ அவர் சீடரைப் பற்றியோ இவற்றில் ஒரு சொல்லும் கிடையாது. இவற்றைக் கிறிஸ்தவ ஏடுகள் என்பது, திருக்குறள் சுவடியைக் காட்டிப் பெரியபுராணம் என்று சொல்வது போல.

இரண்டாவது தொகுதி எகிப்தில் நாக் ஹம்மாதி என்ற ஊர்ப் பக்கம் 1945-இல் ஒரு ஜாடிக்குள் கிடைத்தது. தோல் அட்டை போட்ட 13 புத்தகங்கள், அவற்றுள் 52 சிறு நூல்கள். மொழி, எகிப்தியரின் காப்டிக். பிரதி எழுதிய காலம் நான்காம் நூற்றாண்டு. இது உண்மையான பொக்கிஷம், சந்தேகமே இல்லை. தோமா நற்செய்தி, பிலிப்பு நற்செய்தி முதலியவை இதில் உண்டு. சபையின் ஆதிக் காலத்தில் ஒன்றுக்கொன்று மாறுபட்ட பல குழுக்கள் இருந்தன என்பதை உலகுக்குக் காட்டியவை இவையே.

ஆனால் இவை ஏசுவை வெறும் மனிதராகக் காட்டுகின்றன என்று நாவல் சொல்வதுதான் தலைகீழ். இவற்றை எழுதிய ஞானவாதக் குழுக்களுக்கு உடம்பே ஒரு சிறை. ஏசுவின் பசி, தாகம், கண்ணீர் எல்லாம் பழைய நான்கு நற்செய்திகளில்தான் நிறைய வருகின்றன. புதிதாகக் கிடைத்தவற்றில் அவர் பெரும்பாலும் இரகசிய ஞானம் உரைக்கும் விண்ணுலகத்தவர். மனித ஏசுவைத் தேடுகிறவர் தவறான கடையில் நிற்கிறார்.

பெண்ணுக்கு இவை பெருமை சேர்த்தன என்பதும் முழுக்கச் சரியில்லை. தோமா நற்செய்தியின் கடைசி வாசகத்தில், மரியாள் நம்மை விட்டுப் போகட்டும் என்று பேதுரு சொல்ல, நான் அவளை ஆணாக்கி வழிநடத்துவேன் என்ற கருத்தில் ஏசு பதில் சொல்கிறார். பெண் பிறவியிலிருந்து நேரே வீடுபேறு இல்லை, ஆணாய்ப் பிறந்தே அடையவேண்டும் என்று எங்கள் திகம்பர நூல்களும் சொல்கின்றன. ஆகவே நான் யாரையும் குறை சொல்லும் இடத்தில் இல்லை. பழைய நூல் நமக்குப் பிடித்ததைத்தான் சொல்லியிருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

மகதலேனா மரியாள் விஷயம்

நாவலின் மையமே இந்த அம்மையார். பிலிப்பு நற்செய்தி இவரை ஏசுவின் துணைவி என்கிறது, அரமேயம் தெரிந்த எவரும் அந்தச் சொல்லுக்கு மனைவி என்றே பொருள் சொல்வார்கள் என்று டீபிங் முழங்குகிறார். நூல் இருப்பதோ காப்டிக்கில். அங்கே நிற்கும் சொல் ‘கொய்னோனோஸ்’, கிரேக்கத்திலிருந்து வந்தது. கூட்டாளி, பங்காளி, உடன் இருப்பவர் என்று பல பொருள். வியாபாரக் கூட்டாளிக்கும் அதே சொல் ஆகும். இதில் அரமேயத்துக்கு என்ன வேலை?

ஏசு அவரை முத்தமிட்டார் என்று வரும் வாக்கியத்தில், எங்கே என்று சொல்லவேண்டிய இடத்தில் ஏடு சிதைந்து ஓட்டை விழுந்திருக்கிறது. நாவல் அந்த ஓட்டையில் தைரியமாக ‘வாய்’ என்று எழுதிக்கொள்கிறது. சில மொழிபெயர்ப்பாளர்களும் ஊகமாக அப்படி நிரப்புவதுண்டு. செல்லரித்த சுவடியில் எழுத்துப் போன இடத்தில் புள்ளி வைத்துப் பதிப்பித்தவர்கள் நம் பெரியவர்கள். அந்த நாணயம் நாவலாசிரியருக்கு வேண்டியதில்லை. படிக்கிற நமக்கு வேண்டும். வாய் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த நூலில் முத்தம் என்பது ஞானம் கைமாறுவதற்கான அடையாளம். அதே நூல் வேறோர் இடத்தில் நிறைவுற்றோர் எல்லாருமே ஒருவரையொருவர் முத்தமிடுவதாகச் சொல்கிறது.

யூத ஆண் கல்யாணம் செய்யாமல் இருப்பது அக்காலத்தில் நடக்காத காரியம் என்பது இன்னொரு வாதம். யூதரில் எஸ்ஸீனர் என்ற குழுவினர் திருமணம் துறந்து வாழ்ந்ததை யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதி வைத்திருக்கிறார். பவுலும் மனைவி இல்லாதவரே. இன்னொரு நுட்பமும் கவனிக்கத் தக்கது. மற்றத் திருத்தூதர்களும் ஆண்டவரின் சகோதரர்களும் பேதுருவும் மனைவியோடு பயணம் போகிறார்களே, எனக்கும் அந்த உரிமை இல்லையா என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் கேட்கிறார். ஏசுவே மணமானவர் என்றால் அந்த வாதத்துக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் உண்டா? அவர் சொல்லவில்லை. ஒன்றைச் சொல்லாததால் அது இல்லை என்று நூற்றுக்கு நூறு நிரூபணம் ஆகாதுதான். ஆனால் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிகிறது.

இங்கேயும் எங்கள் வீட்டுக் கதை ஒன்று. மகாவீரர் யசோதையை மணந்து பிரியதர்சனை என்ற மகளைப் பெற்றார் என்கிறது சுவேதாம்பர மரபு. அவர் மணம் செய்யவே இல்லை என்கிறது திகம்பர மரபு. இரண்டு தரப்புக்கும் பழைய நூல் இருக்கிறது. ஆகவே அது நேர்மையான கருத்து வேறுபாடு. ஏசுவின் மனைவி என்று சொல்லும் பழைய நூல் ஒன்றுகூட இல்லை. இரண்டும் ஒரே எடை ஆகாது.

ஒன்று வந்ததே என்று 2012-இல் உலகமே பரபரத்தது. ஹார்வர்டு பேராசிரியை கேரன் கிங், ஏசு ‘என் மனைவி’ என்று சொல்வதாக ஒரு பாப்பிரஸ் துண்டை ரோமில் வெளியிட்டார். விசிட்டிங் கார்டு அளவுதான். நிபுணர்கள் பரிசோதித்தபோது, அதன் வரிகள் தோமா நற்செய்தியிலிருந்து வெட்டி ஒட்டப்பட்டவை என்று தெரிந்தது. இணையத்தில் கிடைத்த ஒரு பதிப்பிலிருந்த அச்சுப்பிழைகூட அதில் அப்படியே வந்திருந்தது. போலி பில் அடிப்பவன் அசல் பில்லின் எழுத்துப்பிழையையும் சேர்த்து அடித்து மாட்டிக்கொள்வானே, அதே கதை. 2016-இல் அதன் பின்னணி அம்பலமானதும், போலி என்ற பக்கமே சாய்கிறது என்று பேராசிரியையும் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும்.

சுவரோவியமும் சில்லறைக் கணக்கும்

மிலான் நகரில் சாந்தா மரியா மடத்துச் சாப்பாட்டுக் கூடச் சுவரில் லியோனார்டோ 1495–98-இல் தீட்டியது ‘கடைசி இராவுணவு’. அதில் ஏசுவின் அருகே மென்மையான முகத்தோடு இருப்பது பெண், மகதலேனா என்கிறது நாவல். இளையவரான யோவானைத் தாடியில்லாத பிள்ளை முகமாகத் தீட்டுவது அக்கால இத்தாலிய வழக்கம். கிர்லாந்தாயோ 1480-இல் தீட்டிய அதே காட்சியிலும் யோவான் அப்படித்தான் இருக்கிறார். சாப்பாட்டில் ஏசுவைத் தவிர இருப்பது பன்னிரண்டு பேர். ஒன்று மகதலேனா என்றால் யோவான் எங்கே போனார்? நடுவில் கிண்ணம் இல்லையே என்றால், அந்த ஓவியம் காட்டும் கணம் வேறு: உங்களில் ஒருவன் காட்டிக்கொடுப்பான் என்று ஏசு சொன்னதும் எழும் அதிர்ச்சி.

நாவலின் தலைப்பே சரியில்லை என்று கலை வரலாற்றார் சிரிப்பார்கள். ‘டா வின்சி’ என்றால் வின்சி ஊர்க்காரர். உ.வே.சா.வின் ‘உ’ உத்தமதானபுரம் என்பதால் ‘உத்தமதானபுரத்து இரகசியம்’ என்று அவரைப் பற்றிப் புத்தகம் போட்ட மாதிரி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லூவர் அருங்காட்சியகக் கண்ணாடிப் பிரமிடில் 666 பலகை என்கிறது நாவல்; இருப்பது 673. டெம்ப்ளர் வீரர்களை எரித்துச் சாம்பலைப் போப் கிளமென்ட் டைபர் நதியில் எறிந்தார் என்கிறது. டைபர் ஓடுவது ரோமில். அந்தப் போப் இருந்தது பிரெஞ்சு மண்ணில். டெம்ப்ளர் தலைவரை 1314-இல் எரித்தது பாரிஸில். சூனியக்காரிகள் என்று ஐம்பது லட்சம் பெண்களைச் சபை எரித்தது என்கிறது. ஆய்வாளர் கணக்கு, ஆணும் பெண்ணுமாக நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம். கொல்லப்பட்டவரில் பெரும்பாலோர் பெண்கள். அறுபதாயிரமும் கொடுமைதான். கொடுமையைக் காட்ட எண்ணைப் பெருக்க வேண்டியதில்லை. ஓபஸ் தேய் என்ற கத்தோலிக்க அமைப்பு 1928-இல் தொடங்கியது, உண்மை. ஆனால் அதில் துறவிகளே கிடையாது, கொலை செய்யும் துறவி எங்கிருந்து வருவார்?

நாவல் சொன்ன மெய்

பற்று எழுதினால் வரவும் எழுதவேண்டும். மகதலேனா மரியாளை வேசி என்று பல நூற்றாண்டு தூற்றியது அநியாயம் என்று நாவல் சொல்வது சத்தியம். நற்செய்திகள் எதிலும் அப்படி இல்லை. லூக்கா சொல்வது, ஏழு பேய்கள் நீங்கப் பெற்றவர், தம் பொருளால் ஏசுவின் குழுவுக்கு உதவிய பெண்களில் ஒருவர் என்பதே. போப் முதலாம் கிரகோரி 591-இல் செய்த ஒரு பிரசங்கத்தில் இவரையும், பெயர் சொல்லப்படாத ஒரு பாவியான பெண்ணையும், பெத்தானியா மரியாளையும் ஒருவராகச் சேர்த்துப் பேசினார். அதிலிருந்து மேற்குத் திருச்சபையில் இந்தப் பழி நிலைத்தது. கீழைத் திருச்சபைகள் இந்தக் கலப்படத்தை ஏற்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1969-இல் நாட்காட்டியைத் திருத்தியபோது இந்தக் குழப்பத்தை விலக்கியது. 2016-இல் போப் பிரான்சிஸ் ஜூலை 22-ஐத் திருத்தூதர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார்.

யோசித்துப் பாருங்கள். உயிர்த்த ஏசுவை முதலில் கண்டு மற்றவருக்குச் சொன்னவர் என்று யோவான் நற்செய்தி போற்றும் பெண்மணியை வேசி ஆக்கியது ஒரு பிரசங்கம். மனைவி ஆக்கியது ஒரு நாவல். சீடர், சாட்சி, தூதர் என்ற அவருடைய சொந்தப் பெருமை இரண்டிலுமே காணாமல் போயிற்று. இதைத்தான் நான் பெரிய நஷ்டம் என்பேன்.

நமக்கு இதில் என்ன?

யாரோ எழுதிய நாவல், யாரோ நம்பும் சமயம், நமக்கேன் என்று கேட்கலாம். தமிழ்ச் சமணனான எனக்கு இது பழைய புண். மதுரையில் ஏழாம் நூற்றாண்டில் எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். விரிவாகச் சொல்வது பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பெரியபுராணம். நடுவில் ஐந்நூறு வருடம். நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் அதைச் சொல்லவில்லை. ஆனால் பக்தி இலக்கியத்தின் ஒரு பகுதி, மேடைப் பேச்சு வழியே, தேதி போட்ட வரலாறாகவே பலர் மனத்தில் பதிந்துவிட்டது. சிலர் அதைச் சைவர்மேல் வீசும் கல்லாக எடுக்கிறார்கள். சிலர் சமணரைக் கேலி செய்ய எடுக்கிறார்கள். இரண்டு பேரும் எழுதியது யார், எப்போது, ரசீது எங்கே என்று கேட்பதில்லை. என் சமூகத்தின் விஷயத்தில் நான் எதிர்பார்க்கும் நியாயத்தை அடுத்தவர் சமயத்துக்கும் கொடுக்க வேண்டாமா? நம் சங்கத்திலேயே பொங்கலுக்குக் கரும்பு கட்டும் கிறிஸ்தவக் குடும்பங்கள் எத்தனை! அவர்கள் பிள்ளையிடம் நம் பிள்ளை நாவலைக் காட்டி “உங்க மதமே ஃபிராடு” என்று சொன்னால், அது படிப்பு அல்ல, அறியாமை.

அதற்காகத் தடை போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2006-இல் தமிழ்நாடு அரசு இந்தப் படத்தைத் தடை செய்தது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. நீக்கியதே சரி. தடை செய்த புத்தகம் இரட்டிப்பாக விற்கும் என்பது வியாபாரிக்குத் தெரியும். தவிர, ‘மறைக்கிறார்கள், அதனால் உண்மைதான் போலிருக்கு’ என்ற சந்தேகத்தைத் தடையே வளர்த்துவிடும்.

“உங்கள் சமயத்தில்தான் அநேகாந்தம் என்கிறீர்களே, ஒவ்வொருவர் பார்வையிலும் ஓர் உண்மை உண்டே, பிறகு ஏன் இத்தனை திருத்தம்?” என்று நண்பர்கள் மடக்குவார்கள். ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு என்பது அநேகாந்தம். இல்லாத பொருளுக்கும் பக்கம் உண்டு என்பது அல்ல. மகாவீரர் மணந்தாரா என்பதில் இரு மரபையும் மதிக்கலாம். 1956-இல் பதிவான சங்கத்தை 1099-இல் தொடங்கியது என்பதை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பொய்தான்.

ஆகவே பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பிள்ளை கையில் இந்த நாவலைப் பார்த்தால் பிடுங்காதீர்கள். விறுவிறுப்பான கதை, ஒரே இரவில் படிக்கலாம், படிக்கட்டும். முடித்ததும் பக்கத்தில் நான்கு நற்செய்திகளில் ஒன்றையும், தோமா நற்செய்தியின் மொழிபெயர்ப்பையும் வையுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் நாவலில் கால்வாசி கனம் இருக்காது. சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவ அன்பரிடமே கேட்கச் சொல்லுங்கள். எந்தச் சமயத்தைப் பற்றி எந்தப் புத்தகம் வந்தாலும் அந்த மூன்று கேள்வியைக் கேட்கப் பழக்குங்கள். நம் சமயத்தைப் பற்றி நமக்கு இனிப்பாகச் சொல்லும் புத்தகமாக இருந்தால், இன்னும் ஒரு தடவை கூடுதலாகக் கேட்கச் சொல்லுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!